மாதா முக்காலியில் ஒரு பச்சைப் பூச்சு

என் கைப்பையில், மடித்த டிஷ்யூ காகிதத்துக்குள், நகத்தளவு பெயிண்ட் துணுக்கு ஒன்று இருக்கிறது. அது யாருடையது? ஊரிலிருந்து பாரிஸ் திரும்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. தினமும் ஒரு முறையாவது பையைத் திறந்து, அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறேன். பதில் மட்டும் கிடைக்கவில்லை.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். கணவர் ரெஜிஸின் ஊர், வில்லியனூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு கிறிஸ்தவப் பங்குக் கிராமம். ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பழம்பொருள் வாங்குபவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு அங்கே போய் நிற்கக் கூடாது. கல்யாணம் முடிந்த கையோடு பாரிஸ் புறநகருக்கு வந்துவிட்டேன். எங்கள் மகள் அனாவுக்கு மூன்றே முக்கால் வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஷூவை எடுத்து வா என்றால் ஜோடி மாறாமல் எடுத்து வருவாள். வாய் மட்டும் திறப்பதில்லை. வீட்டில் நான் பேசுவது தமிழ், அவர் பேசுவது பாதி பிரெஞ்சு, அதனால்தானோ என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணியிடம் கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றார். வீட்டுக்கு வந்து மறுபடியும் அதனால்தானோ என்று நினைத்தேன்.

இந்தப் பயணம் தொடங்கியது அந்தப் பயிற்சி நிலையத்துக்கு ஒரு தெரு தள்ளி இருக்கும் அருங்காட்சியகத்தில். ஒரு நாள் பயிற்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, வெளியே மழை, உள்ளே போனோம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்கால் உயரத்தில் சிவப்பாக ஒரு பீடம். சீன அரசவைக்காகச் செய்தது என்று அட்டையில் எழுதியிருந்தது. அரக்கு என்றுதான் ரெஜிஸிடம் பிறகு சொன்னேன். ஆனால் நம்மூர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. இது ஒரு மரத்தின் பால். மரச்சட்டத்தின் மேல் ஒரு பூச்சு பூசி, அது காய்ந்த பிறகு அடுத்த பூச்சு, அது காய்ந்த பிறகு அடுத்தது என்று நூறு பூச்சுக்கு மேல் ஏற்றுவார்களாம். மாதக்கணக்கில் நடக்கும் வேலை. அப்படித் திரண்ட கனத்தில்தான் பூவும் மேகமும் டிராகனும் செதுக்குகிறார்கள். மரத்தை உளி தொடுவதே இல்லை. அனா கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினாள். காவலர் வந்து சொல்லும் வரை நகரவில்லை.

நானும் நகரவில்லை. உள்பக்கம் வளைந்து பாதத்தில் சுருண்டு முடியும் அந்தக் கால்களை எனக்குத் தெரியும். எங்கள் கல்யாண ஆல்பத்தில், ஊர்க் கோயிலில், மாதா சொரூபத்துக்குக் கீழே இருக்கிறது. ஆனால் அது நீலம்.

கைப்பேசியிலிருந்த படத்தை அங்கே வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் காட்டினேன். இவ்வளவு பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார். டிராகனின் பாதத்தில் ஐந்து நகம் இருந்தால் அது அரசருக்கானதாக இருக்கலாம், எண்ணிப் பாருங்கள் என்றார். கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் நாணயத்தளவு சுரண்டி, அடியில் சிவப்பு தெரிகிறதா, அதன் விளிம்பு அடுக்கடுக்காக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார்.

ரெஜிஸ் துள்ளிவிட்டார். அவருடைய தாத்தாவின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாய். கீழ்த்திசை நாடுகளில் எங்கேயோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது தூக்கி வந்து கோயிலுக்குக் கொடுத்ததாம். அங்கே யார் வீட்டிலிருந்து தூக்கினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கோயிலுக்குப் புதிதாகத் தேக்கில் ஒரு பீடம் செய்து கொடுத்துவிட்டு இதைக் கேட்டு வாங்கலாம், இது நம் குடும்பத்துப் பொருள், அரசவைக்கானதாக இருந்தால் விற்று ஒரு வீடே வாங்கலாம் என்றார் அவர். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஊரில் இருக்கும் அவருடைய அக்கா பிலோமினா ஒரு வருடமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு வராத பிள்ளையை அந்த முக்காலியில் உட்கார வைத்தால் மாதா பேச்சு கொடுப்பாள் என்பது அங்கே வழக்கம். நான்கு கால் இருந்தும் ஊரில் அதற்குப் பெயர் மாதா முக்காலி. அதில் பிள்ளையை உட்கார வைக்கவும், அதையே சுரண்டவும் நான் கிளம்பினேன்.

முதல் நாள் முழுவதும் அனாவின் வாந்தியைத் துடைப்பதிலேயே போனது. விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் காரில் ஏசி வேலை செய்யவில்லை. ஓட்டுநர் அதை மறைக்கப் பாட்டைச் சத்தமாக வைத்தார். பிலோ அக்கா வீட்டில் நண்டுக் குழம்பு வைத்திருந்தார். பாரிஸில் உறைந்த நண்டை வாங்கி நானும் வைப்பேன், ஆனால் அதில் ஓடுதான் இருக்கும். நான் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். அனா வெறும் அப்பளம் தின்றாள். அவள் தட்டைப் பார்த்து, அவளைப் பார்த்து, அக்கா இன்னொரு அப்பளத்தை எடுத்து வைத்தார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை கோயிலுக்குப் போனோம். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்து மாடத்தில் மாதா நின்றாள். கோயிலைத் திறந்து மூடும் கோயில்பிள்ளை சின்னப்பன், சனிக்கிழமை பூசை முடிந்துதான் சொரூபத்தை இறக்குவோம், அன்றைக்குத்தான் பிள்ளைகளை உட்கார வைப்போம் என்றார். முக்காலி வானநீலத்தில் பளபளத்தது. எனாமல் பெயிண்ட் பள்ளங்களை எல்லாம் நிரப்பி, பூக்களும் மேகங்களும் மழையில் நனைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தன. விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு பாதம் தட்டுப்பட்டது. நகங்களை எண்ணினேன். ஒரு முறை நான்கு வந்தது, ஒரு முறை ஐந்து. அதற்குள் அனா குனிந்து அதன் ஓரத்தை நாக்கால் தொட்டுவிட்டாள்.

அந்தச் சிவப்பில் பாதரசம் கலந்திருக்கும் என்று அருங்காட்சியக அட்டையில் படித்திருந்தேன். பழைய பெயிண்டில் ஈயம் வேறு இருக்குமாம். கோயில் குழாயடியில் அவள் வாயை நான்கு தடவை கொப்பளிக்க வைத்தேன். இப்போதும் அவள் வயிறு வலி என்று வயிற்றைக் காட்டினால் எனக்கு அந்த நாக்குதான் நினைவுக்கு வருகிறது.

எத்தனை நகம் என்று ரெஜிஸ் வாட்ஸாப்பில் கேட்டார். பெயிண்ட் மூடியிருக்கிறது என்று போட்டேன்.

மூன்றாம் நாள் உப்புத்தாள் வாங்க வில்லியனூர் போனேன். அக்காவிடம் பால் பவுடர் வாங்கப் போவதாகச் சொன்னேன். மினி பஸ் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. பாரிஸில் ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே கேட் மூடியதும் பாதி பஸ் இறங்கி வெள்ளரிப் பிஞ்சு வாங்கியது. பக்கத்து இருக்கைக்காரம்மா அனாவின் பேரைக் கேட்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். வயதைக் கேட்டார். அதையும் நான் சொன்னேன்.

"இன்னா பாப்பா, எல்லாத்துக்கும் அம்மாதான் வாயா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வசம்பைச் சுட்டு தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொன்னார். முன் இருக்கையிலிருந்து ஒருவர், அது கைக்குழந்தைக்குத்தான், இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இல்லை என்றார். இரண்டு பேரும் அதைப் பற்றி ரயில் போய் முடியும் வரை வாதாடினார்கள். நான் கைப்பேசியில் வசம்பு நல்லதா என்று தேடினேன். நல்லது என்றும் வந்தது, விஷம் என்றும் வந்தது. இறங்கும்போது அனாவின் ஒரு செருப்பைக் காணவில்லை. பஸ்ஸே குனிந்து தேடி, வெள்ளரிக்காய்க் கூடைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தது.

பெயிண்ட் கடையில் ஒரு பாய் இருந்தார். அவருடைய அப்பா காலத்துக் கடையாம். உப்புத்தாள் கேட்டேன். அவர் அனாவிடம் என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு, பதில் வராமல் என்னைப் பார்த்தார். நான் சொல்லாமலேயே ஊரைச் சொன்னார். பேசாத பிள்ளையும் பெயிண்ட் வேலையும் ஒன்றாக வந்தால் அந்த ஊர்தானாம்.

"மாதா முக்காலிக்காம்மா? அதுக்கு உப்புத்தாளே போட மாட்டாங்களே."

ஏன் என்று கேட்டேன். எங்கேயும் பழைய பெயிண்டைத் தேய்த்துவிட்டுத்தானே புதிது அடிப்பார்கள்?

"பேச்சு வந்த புள்ள வூட்டுக்காரங்க திருவிழாவுக்கு முன்னாடி வந்து ஒரு கோட்டிங் அடிப்பாங்க. அது அவங்க நேர்ச்சை. அத நீங்க தேய்ச்சா, இன்னொருத்தர் புள்ள பேசினத தேய்க்கிற மாதிரி இல்ல?"

ஜன்னலுக்குத்தான் கேட்டேன் என்றேன். நம்பிய மாதிரி தலையாட்டினார். சில வருடம் மூன்று குடும்பம் வருமாம், சில வருடம் யாரும் இல்லையாம். எந்த வருடமும் இதே நீலம்தான். திருவிழா நெருங்கினால் ஒரு டப்பாவை விற்காமல் எடுத்து வைத்துவிடுவாராம். ஒரே ஒரு வருடம், அவர் பள்ளிக்கூடம் போகும் வயதில், நீலம் எங்கேயும் கிடைக்காமல் அவருடைய அப்பா பச்சையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாதாவுக்குப் பச்சையா என்று ஊரே கடைக்கு வந்து கேட்டதாம். சிரித்துக்கொண்டே அனாவிடம் பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் தரும் நிற அட்டை ஒன்றை நீட்டினார். அவள் அதை ஊர் திரும்பும் வரை கீழே வைக்கவில்லை.

உப்புத்தாள் வாங்காமல் வந்தேன். அதோடு விட்டிருக்கலாம். நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் அது தப்பு என்று தெரிந்த பிறகும் பாதியில் நிறுத்தத் தெரியாது. ரெஜிஸ் அன்று மட்டும் ஐந்து செய்தி அனுப்பியிருந்தார். வீடு என்ற சொல் இரண்டில் இருந்தது. எங்கள் வீட்டில் அனாவுக்கென்று ஓர் அறை இல்லை. அவள் எங்கள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் படுக்கிறாள்.

நான்காம் நாள் சனிக்கிழமை. பூசைக்குப் பிறகு சின்னப்பனும் இன்னொருவரும் சொரூபத்தை இறக்கி, பலிபீடத்துப் படியில் வைத்தார்கள். அக்கா மெழுகுவர்த்தி வாங்கப் போனார். முக்காலியைத் துடைத்து வைக்கிறேன் என்று சின்னப்பனிடம் சொன்னேன். நல்லதும்மா என்று அவர் தண்ணீர் எடுக்கப் போனார். பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கலாம். பத்தடியில் நின்றுதான் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார்.

முக்காலியைச் சாய்த்து, இருக்கைப் பலகையின் கீழ் விளிம்பில், என் நகம் ராவும் சின்ன அரத்தால் சுரண்டினேன். நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது. பிறகு திடீரென்று ஒரு துணுக்கு மொத்தமாகப் பெயர்ந்து கையில் விழுந்தது. விழுந்த இடத்தில் சிவப்பு. ரத்தச் சிவப்பு இல்லை, காய்ந்த மிளகாயின் சிவப்பு. துணுக்கைத் திருப்பி அதன் விளிம்பைப் பார்த்தேன். நீலம், நீலம், கொஞ்சம் வெளுத்த நீலம், மறுபடியும் நீலம். நோட்டுப் புத்தகத்தின் ஓரம் மாதிரி இருந்தது. நடுவில் மயிரிழையாக ஒரு பச்சைக் கோடு.

அதைப் பார்த்தவுடன் அனாவைத் தேடினேன். என் பின்னால்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துணுக்கை டிஷ்யூவில் மடித்துப் பையில் போட்டேன். முக்காலியை நேராக வைத்தேன். சின்னப்பன் வந்து, எவ்வளவு சுத்தமா தொடச்சிட்டீங்க என்றார். நான் துடைக்கவே இல்லை.

அன்று உட்கார வந்த பிள்ளை அனா ஒருத்திதான். அவளைத் தூக்கி வைத்தோம். புது இடத்தில் உட்கார வைத்தால் நெளிகிற பெண், நெளியவில்லை. குனிந்து பலகையின் பக்கவாட்டில் விரலை ஓட்டத் தொடங்கினாள். என் விரல் நுழையாத பள்ளங்களுக்குள் அவள் சுண்டுவிரல் நுழைந்தது. அக்கா ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தார். அனா டிராகன் இருக்கும் இடத்துக்கு வந்து ஒவ்வொரு நகமாக விரலை இறக்கினாள். நான் எண்ணியிருக்கலாம். சாமியார் நெற்றியில் சிலுவை போட வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெளியே வரும்போது அக்கா அழுதுகொண்டிருந்தார். அனாவுக்காகத்தான் என்று நினைத்தேன்.

"இவ அப்பனும் இப்டித்தான் ஒக்காந்தான். அவனும் வெரல விட்டு நோண்டிக்கினே இருந்தான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. யார் என்று கேட்டேன்.

"ஏம்மா, உன் வூட்டுக்காரன் உங்கையில சொல்லவே இல்லியா? அஞ்சு வயசு வரைக்கும் அவன் வாயத் தொறக்கல."

இரண்டு வருடமாக ஒவ்வொரு மருத்துவரும், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். ரெஜிஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து, இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும்.

ஊரில் பிள்ளைகள் அவரை ஊமையன் என்று கூப்பிட்டார்களாம். பேச்சு வந்த பிறகும், பத்தாவது படிக்கும்போதும் அதே பெயர்தானாம். அதனால்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே கிளம்பிப் போனார், பிறகு கல்யாணத்துக்கு மட்டும்தான் வந்தார் என்றார் அக்கா. முதலில் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பஸ்ஸுன்னான். அம்மா இல்ல, அப்பா இல்ல, பஸ்ஸு. எங்கம்மாவுக்கு அதுல ஒரே கோவம். ஆனா அந்த வருசமே போயி கோட்டிங் அடிச்சிட்டு வந்துது. நீலம் கெடைக்கல, பச்சதான் கெடைச்சிது. அதுக்கும் சேத்து அவனக் கிண்டல் பண்ணானுங்க."

கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சொன்னேன்னு அவங்கையில சொல்லிடாத. அப்புறம் எனக்கு போனே பண்ண மாட்டான்" என்றார் அக்கா. சரி என்றேன்.

மீதி இரண்டு நாள் என்ன செய்தோம் என்று ஒழுங்காக நினைவில்லை. பாகூர்ப் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டில் விருந்து. கறிக்குழம்பு, சேமியா பாயசம். வயல் ஓரத்தில் அனா கொக்குகளைப் பார்த்து நிற அட்டையை நீட்டி வெள்ளையைக் காட்டினாள். பஸ் போகும்போதெல்லாம் நான் அவள் வாயைப் பார்த்தேன்.

பாரிஸ் வந்தவுடன் ரெஜிஸ் கேட்ட முதல் கேள்வி, சுரண்டினாயா என்பதுதான். சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்றேன். பரவாயில்லை, நானே போகிறேன் என்றார். அடுத்த மாதம் விடுப்பு எடுத்துவிட்டார். பெயிண்டை முழுவதுமாகக் கரைத்து எடுக்கும் ஒரு மருந்தைப் பற்றி இணையத்தில் படித்துக்கொண்டிருக்கிறார். தேக்குப் பீடத்துக்கு அளவு கேட்டு அக்காவுக்கு எழுதிவிட்டார். கொடுத்த குடும்பமே கேட்டால் பங்கில் மறுக்க மாட்டார்கள் என்று அக்காவே சொல்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரல் நன்றாக இல்லை.

அந்தச் சிவப்பு எனக்கும் வேண்டும். அனாவுக்கு ஓர் அறை வேண்டும். ஆனால் அவர் போய்த் தன் கையாலேயே நீலங்களைக் கரைத்து, அந்தப் பச்சையையும் கரைத்து, அது என்னவென்று பார்க்காமலே துணியால் துடைத்துவிட்டு அடியில் இருப்பதைத் தேடுவார். சொன்னால், அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போகும். இத்தனை வருடம் மறைத்ததை நான் பிடித்துவிட்டதாக அவர் நினைப்பார். சொல்லாவிட்டால், மகளைப் பற்றி இரண்டு பேரும் பயந்துகொண்டிருக்கும்போது, தாமதமானாலும் அவர் பேசினார் என்ற ஒரே நல்ல செய்தியை நான் மட்டும் வைத்துக்கொண்டிருப்பேன். அனா அவருடைய மகள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இதைப் படிப்பவர்களில், சிறு வயதில் தாமதமாகப் பேசத் தொடங்கியவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் யாரிடமும் சொல்லாத அதை உங்கள் மனைவி தெரிந்துகொண்டு வந்து எதிரே உட்கார்ந்தால், எந்த வார்த்தையில் அவள் தொடங்கினால் உங்களுக்குத் தாங்கும்? அல்லது ஒரு வார்த்தையும் வேண்டாம், அந்தப் பச்சைத் துணுக்கை மட்டும் உங்கள் உள்ளங்கையில் வைத்தால் போதுமா? அவருடைய பயணம் அடுத்த மாதம் மூன்றாம் வாரம். அதற்குள் எழுதுங்கள்.